பிரம்பு வாளும் இருபது பக்கப் பகடையும்: ரூன்குவெஸ்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

1966 மே 1. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் விருந்து. இடைக்கால ஐரோப்பாவின் மேல் மோகம் கொண்ட ஒரு கூட்டம் அந்தக் காலத்து உடையில் வந்து, வாளும் கேடயமுமாக மோதிக்கொண்டது. ஒரு நாள் கூத்தாக முடிந்திருக்க வேண்டியது, முடியவில்லை. மறுபடி கூடினார்கள், சங்கம் வைத்தார்கள், 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்' என்று வாயில் நுழையாத ஒரு பெயரும் சூட்டினார்கள். எஸ்.சி.ஏ. என்று சொன்னால் போதும், இன்றும் இருக்கிறது. அதைத் தொடங்கிய கூட்டத்தில் ஒருவர் ஸ்டீவ் பெரின்.

இவர்கள் போடுவது நாடகச் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. வாளுக்குப் பதில் பிரம்பு. நம் வாத்தியார் வைத்திருந்த மெல்லிசு ரகம் இல்லை, ஒன்றேகால் அங்குலக் கனம். தலையில் இரும்புத் தொப்பி, உடம்பில் கவசம், அப்புறம் முழு வேகத்தில் அடி. இப்படி வருடக்கணக்கில் அடித்தும் அடிபட்டும் பழகிய ஒருவர், ஒரு ரோல்பிளேயிங் கேமுக்கு, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை வீசி ஆடும் ஆட்டத்துக்கு, சண்டை விதி எழுதினால் என்ன ஆகும்? 1978ல் வந்த ரூன்குவெஸ்ட் அதற்கு நல்ல சாட்சி. வாள் தெரிந்தவருக்கும் விதிப்புத்தகத்துக்கும் நடுவே மேசையில் நடக்கும் அத்தனை தகராறும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ரூன்குவெஸ்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்ப்போம். 1974ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக டி அண்ட் டி, என்ற ரோல்பிளேயிங் கேம் வெளியானது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். இருவருமே பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடியவர்கள், அந்த வழக்கத்தின் வாசனை விதிகளில் அப்படியே இருந்தது. சண்டையில் ஒரு சுற்று என்பது 1 நிமிடம். அந்த நிமிடத்துக்கு, தொடக்கநிலை ஆளுக்கு ஒரே ஒரு பகடை வீச்சு. கவசம் எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு அடி 'படாது'. இந்தக் கவச எண்ணையும், ஒருவன் எவ்வளவு அடி தாங்குவான் என்று சொல்லும் ஹிட் பாயின்ட்டையும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காகத் தான் எழுதிய விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு அது சரி. தகட்டில் பட்ட குண்டு துளைத்தால் சேதம், தெறித்துப் போனால் ஒன்றுமில்லை.

அடிபட்டவனுக்கு இது உறுத்தும். கவசம் போட்டவனை அடிப்பது கடினம் இல்லை, அவன் மெதுவாக நகர்ந்தால் இன்னும் சுலபம். அடி படும், ஆனால் வலிக்காது. கவசம் செய்கிற வேலை அவ்வளவுதான். 1 நிமிடக் கணக்கும் அப்படித்தான். கேடயத்தோடு எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரின் சண்டை பெரும்பாலும் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு நிமிடத்தில் ஒரு அடி என்றால் மீதி நேரம் என்ன செய்தார்கள், ஊர்க்கதை பேசினார்களா?

கைகாக்ஸிடம் இதற்குப் பதில் இருந்தது, நியாயமான பதிலும்கூட. அந்த நிமிடத்தில் பாய்ச்சல், பாவலா, தடுப்பு எல்லாம் நடக்கிறது, பகடை குறிப்பது பலன் தரக்கூடிய நல்ல வாய்ப்பை மட்டும்தான் என்றார். ஹிட் பாயின்ட் வெறும் ரத்தமும் சதையும் இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் அதில் சேர்த்தி என்றும் விளக்கினார். 1978ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அவரே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: பத்தாம் நிலை வீரன் ஒருவனுக்கு 85 ஹிட் பாயின்ட், நான்கு பெரிய போர்க்குதிரைகளைக் கொல்லத் தேவையான அளவு அது, ஒரு மனிதன் அவ்வளவு வெட்டுத் தாங்குவான் என்று நினைப்பது அபத்தம். தன் விதி எதைக் காட்டவில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பெரினுக்கு இந்தப் பதில் போதவில்லை. 1976ல் டி அண்ட் டி சண்டைக்கு மாற்று விதிகளை எழுதிச் சுற்றுக்கு விட்டார். 'பெரின் கன்வென்ஷன்ஸ்' என்று பெயர் விழுந்தது. பெர்க்லியைச் சுற்றிய பே ஏரியா வட்டாரத்தில் இருந்த கேயாசியம் என்ற கேம் நிறுவனத்தின் கிரெக் ஸ்டாஃபோர்ட், குளோராந்தா என்ற தன் கற்பனை உலகத்துக்கு ஒரு ரோல்பிளேயிங் கேம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பெரினும் ரே டர்னியும் நண்பர்களும் சேர்ந்து ரூன்குவெஸ்டை எழுதினார்கள்.

சரி, ஒரு சண்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் ரூன்குவெஸ்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து.

இருவர் எதிரெதிரே. ஒருவனிடம் நீண்ட ஈட்டி, இன்னொருவனிடம் அகல வாள். ஒரு சுற்று 12 விநாடி, அது 12 படிகளாகப் பிரிந்திருக்கும். யார் எந்தப் படியில் அடிப்பார் என்பதைக் கையின் சுறுசுறுப்பு, உடம்பின் அளவு, ஆயுதத்தின் நீளம் மூன்றும் தீர்மானிக்கும். ஈட்டி நீளம் என்பதால் அது முதலில் வரும். குறுங்கத்தியும் வெறுங்கையும் கடைசியில். இந்த ஒரு விதியிலேயே சண்டை தெரிந்தவர் கை தெரிகிறது. யார் முந்துவது என்பதைக் கால் விரைவை விட எட்டும் தூரம்தான் முடிவு செய்யும் என்பது கம்பு பிடித்த யாருக்கும் முதல் நாளே தெரியும்.

ஈட்டிக்காரன் நூறு பக்கக் கணக்கில் பகடை வீசுகிறான், திறமைச் சதவீதத்துக்குள் விழுந்தால் குத்து சரி. உடனே எதிராளிக்கும் ஒரு வீச்சு உண்டு, தடுக்க. குத்தை வாள்காரன் தடுத்துவிட்டான், அவன் திருப்பி அடித்ததை ஈட்டிக்காரன் தடுக்கத் தவறினான் என்று வைத்துக்கொள்வோம். எங்கே பட்டது? அதற்கு 20 பக்கப் பகடை. 1 முதல் 4 வரை வலது கால், 5 முதல் 8 இடது கால், 9 முதல் 11 வயிறு, 12 மார்பு, 13 முதல் 15 வலது கை, 16 முதல் 18 இடது கை, 19ம் 20ம் தலை. பகடை 14 காட்டுகிறது. வலது கை.

சராசரி மனிதனின் கைக்கு 3 பாயின்ட். அகல வாளின் சேதம் எட்டுப் பக்கப் பகடையோடு 1 கூட்டல், அதாவது 2 முதல் 9 வரை. கவசம் இல்லாத கை என்றால் எட்டில் ஏழு முறை அந்தக் கை அந்தச் சண்டைக்கு உதவாது. ஈட்டி கீழே விழும். அதே கையில் வலைக்கவசம் இருந்தால் 5 பாயின்ட்டை அது விழுங்கிவிடும், எட்டில் இரண்டு முறைதான் கை போகும். கவசம் அடியைத் தடுப்பதில்லை, தாங்கிக்கொள்கிறது. வருடக்கணக்கான பிரம்படி கற்றுக்கொடுத்த பாடம் எண்ணாக இறங்கியிருக்கிறது.

காலில் பட்டால் ஆள் விழுவான், ஆனால் தரையில் கிடந்தபடி சண்டை தொடரலாம். இது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். எஸ்.சி.ஏ. சண்டையில் தொடையில் அடி வாங்கினால் மண்டியிட்டு நின்று சண்டை போட வேண்டும், கையில் வாங்கினால் அந்தக் கையைப் பயன்படுத்தக் கூடாது. கொல்லையில் நடந்த விதி புத்தகத்துக்கு வந்துவிட்டது.

இங்கேதான் இந்த நிகழ்வு சுவாரசியமாகிறது. பெரினும் நண்பர்களும் கொண்டுவந்த அனுபவம் உண்மையான அனுபவம். ஆனால் அது எதன் அனுபவம்? எஸ்.சி.ஏ. சண்டைக்கே ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே அடிக்கக் கூடாது. மணிக்கட்டுக்குக் கீழே குறிவைக்கக் கூடாது. கட்டிப்பிடித்து உருட்டக் கூடாது. நிஜத்தில் என்ன கவசம் போட்டிருந்தாலும், எல்லோரும் வலைக்கவசமும் மூக்குத்தகடு வைத்த திறந்த தலைக்கவசமும் அணிந்திருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். அடி போதுமான பலத்தோடு விழுந்ததா என்று சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவரே. நடுவர் சொல்ல மாட்டார், நாணயத்தை நம்பி நடக்கிற ஏற்பாடு. இவ்வளவும் நல்ல ஏற்பாடுகள், யாருக்கும் கால் எலும்பு உடையாமல் வீடு திரும்ப வேண்டுமல்லவா. ஆனால் இதில் பத்து வருடம் பழகியவருக்கு 'சண்டை என்றால் இப்படித்தான்' என்று கைக்குள் ஊறிப்போயிருப்பது இந்த விதிகளும் சேர்த்துத்தான்.

நிஜமாக வெட்டுப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்களின் எலும்புகள் இருக்கின்றன. 1361 ஜூலையில் ஸ்வீடன் பக்கத்து கோட்லாந்து தீவில், விஸ்பி நகரச் சுவருக்கு வெளியே, டென்மார்க் அரசன் வால்டமாரின் படை உள்ளூர்க் குடியானவர்களை வெட்டிச் சாய்த்தது. கூட்டுக் குழிகளில் கிடைத்த எலும்புகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடையவை. வெட்டுக் காயங்களில் பெரும்பங்கு கீழ்க்காலில். முழங்காலுக்குக் கீழே, பெர்க்லியில் யாரும் அடிக்கக் கூடாத அதே இடத்தில். கேடயத்துக்குக் கீழே தெரிகிற, கவசம் இல்லாத கால்தான் வெட்ட வாகானது.

சரி, அப்படியானால் காலுக்கு இருபதில் எட்டு கொடுத்த பெரினின் அட்டவணை சரிதானே என்று தோன்றும். அதற்கு டவுட்டன் இடம் தராது. 1461 மார்ச் 29ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நடந்த போர் அது. 1996ல் கட்டட வேலையின்போது அங்கே ஒரு சவக்குழி கிடைத்தது, நாற்பதுக்குச் சற்றுக் குறைவான எலும்புக்கூடுகள். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் காயம் மண்டையில், ஒரே மண்டையில் பல வெட்டுகள். தலைக்கவசம் இல்லாமல் ஓடும்போதோ பிடிபட்ட பிறகோ வெட்டப்பட்டிருக்கலாம். அந்தக் குழியை வைத்து அட்டவணை போட்டால் 20 பக்கப் பகடையில் தலைக்கு 2 போதாது, 15 கொடுக்க வேண்டியிருக்கும். எலும்பைத் தொடாத காயம் எந்தக் குழியிலும் கணக்கில் வராது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சண்டைக்கும் அதற்கே உரிய அட்டவணை உண்டு. பெரினுடையது, கேடயம் பிடித்த இருவர் எதிரெதிரே நியாயமாக நின்று மோதும் ஒரு சண்டைக்கானது.

இந்த அட்டவணையில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றுவது மார்பு. உடம்பின் பெரிய பாகம், அதற்குப் பகடையில் ஒரே ஒரு முகம், 12. கேடயத்துக்குப் பின்னால் நிற்பவனின் மார்பை எவனும் தொட முடியாது என்பதால்தான் அப்படி வைத்தார்களோ என்று நான் ஊகிப்பதுண்டு.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைக் கைகாக்ஸ் முன்பே பார்த்துவிட்டார். 1979ல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்' கையேட்டில், அதாவது ஆட்டத்தை நடத்துபவருக்கான புத்தகத்தில், உயிர் போகும் அடி, இரட்டைச் சேதம் மாதிரியான விதிகளைச் சேர்த்தால் அவை இரண்டு பக்கமும் வெட்டும், ஆட்டக்காரர்களின் ஆயுள் வெகுவாகக் குறையும் என்று எச்சரிக்கிறார். கணக்கு எளிது. ஒரு பூதம் அரங்கில் நுழைந்து ஒரே ஒரு சண்டை போட்டுச் சாகும். கதாநாயகனோ வாரா வாரம் சண்டை போடுகிறான். ஒவ்வொரு சண்டையிலும் சாக 5 சதவீத வாய்ப்புதான் என்று வைத்தால்கூட, இருபது சண்டைக்குப் பிறகு உயிரோடு இருக்க அவனுக்கு 36 சதவீத வாய்ப்பே மிஞ்சும். நிஜமான வீரர்களும் இருபது வாள்சண்டை போட மாட்டார்கள், போடாமல் இருப்பதற்குத்தான் படை, மதில், பேச்சுவார்த்தை எல்லாம்.

ரூன்குவெஸ்ட் இதை எப்படிச் சமாளித்தது? குளோராந்தாவில் மந்திரம் தெரியாத ஆளே அநேகமாகக் கிடையாது. சாதாரணக் கூலிப்படைக்காரனும் கொஞ்சம் குணப்படுத்தும் மந்திரம் கற்று வைத்திருப்பான். வலுவான மந்திரம் என்றால் துண்டான கையையே திரும்ப ஒட்டிவிடும். ஸ்டாஃபோர்டின் உலகத்துக்கு இது பொருந்தியது, அங்கே தெய்வங்கள் அண்டைவீட்டுக்காரர்கள் மாதிரி. ஆனால் விதி என்ற அளவில் பார்த்தால் நடந்தது கொடுக்கல் வாங்கல். வெட்டு நிஜமாக இருக்க வேண்டும் என்றால் வைத்தியம் நிஜமாக இருக்க முடியாது. கையை வெட்டும் விதியைத் தாங்குவது ஒட்டும் மந்திரம்தான்.

சில திருத்தங்களுக்கு இப்படி விலை எதுவும் இல்லை. 1978 டி அண்ட் டி கையேட்டில் இரு கை வாளின் பாரம் 250 தங்கக் காசு, 10 காசு ஒரு பவுண்டு, ஆக 25 பவுண்டு. 11 கிலோவுக்கு மேல்! அந்த எண்ணில் தூக்கிச் செல்லும் சங்கடமும் சேர்த்தி என்று சமாதானம் சொல்லலாம். என்றாலும் உண்மையான இரு கை வாள் 2, 3 கிலோ. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது 6 பவுண்டுக்கு இறங்கிவிட்டது, நீள்வாள் 3 பவுண்டு. யாருக்கும் நஷ்டமில்லை, ஆட்டமும் மாறவில்லை. வாள் தெரிந்தவர் சொன்னால் இந்த மாதிரிச் சங்கதியில் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

விலை அதிகமானது தடுப்பு. அடிக்கு ஒரு வீச்சு, தடுப்புக்கு ஒரு வீச்சு என்பது கேட்க இயல்பாக இருக்கிறது. ஆனால் இருவருக்குமே 90 சதவீதத் திறமை வந்துவிட்டால்? ஒருவன் அடி மற்றவன் தடுப்பைத் தாண்ட வாய்ப்பு 100ல் 9தான். இரண்டு மகா வீரர்கள் மேசையில் மணிக்கணக்காக டக் டக் என்று தட்டிக்கொண்டிருப்பார்கள், யாருக்காவது கவசத்தை மீறும் அபூர்வ வீச்சு விழும்வரை. நிஜத்தில் நேர்மாறு. நல்ல வாள்காரர்கள் இருவர் நின்றால் காத்திருப்பு நீளலாம், கைகலப்பு சட்டென்று முடியும். திறமையைச் சதவீதமாக எழுதியபோது ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது. வாள்காரன் கற்றுக்கொள்வது 'அதிக முறை சரியாக அடிப்பது' மட்டும் இல்லை. எதிராளிக்குத் தடுக்க வழியில்லாத நேரத்தில் அடிப்பதையும்தான்.

அந்த விட்டுப்போனதைப் பிடித்தது 24 வருடம் கழித்து வந்த இன்னொரு கேம். நடுவில் ஸ்டீவ் ஜாக்சன் என்ற கேம் வடிவமைப்பாளரைச் சொல்லாமல் விட முடியாது. சண்டையைப் புரிந்துகொள்ளவென்றே எஸ்.சி.ஏ.வில் சேர்ந்தவர் அவர், 1986ல் அவர் கொண்டுவந்த கர்ப்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமில் ஒரு சுற்று 1 விநாடிக்கு இறங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது 2002ல் ஜேக் நார்வுட் எழுதிய 'தி ரிடில் ஆஃப் ஸ்டீல்' பற்றி. நார்வுட் பழகியது வேறு பள்ளி, பழைய ஜெர்மானிய வாள்நூல்களைப் படித்து அதன்படி நீள்வாள் பயில்பவர்களின் வட்டம். அந்த மரபில் அடிக்கடி வரும் சொல் 'முன்' என்பது. யார் முதலில் அசைந்து எதிராளியைப் பதில் சொல்ல வைக்கிறானோ, முன் அவனிடம் இருக்கிறது.

நார்வுட்டின் விதியில் சண்டை தொடங்கும்போது இருவரும் ஒரு சிவப்புப் பகடை, ஒரு வெள்ளைப் பகடை கையில் வைத்திருப்பார்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மேசையில் போட வேண்டும். சிவப்பு என்றால் தாக்குகிறேன், வெள்ளை என்றால் தடுக்கிறேன். இரண்டும் வெள்ளை, இருவரும் வட்டமடிக்கிறார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, சண்டை ஆரம்பம். இரண்டும் சிவப்பு என்றால் இருவரும் தடுப்பே இல்லாமல் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்துவிட்டார்கள், இரண்டு பேரும் சாகலாம். வாள் பயிற்சிக் கூடங்களில் இது தினசரி நடப்பு, ஒரே கணத்தில் இருவருக்கும் அடி. அதற்கு முன் வந்த எந்தப் பெரிய விதிப்புத்தகமும் இதை இவ்வளவு எளிதாகக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் இருக்கிறது பகடைக் குவியல். உங்களிடம் 12 பகடை இருக்கிறது, இரண்டு மோதலுக்கு இதுதான். முதல் தாக்குதலுக்கு எட்டைக் கொட்டினால் அடுத்ததற்கு நான்குதான். குறைவாகப் போட்டு எதிராளியைச் செலவழிக்க வைக்கலாம், பாவலா காட்டலாம். அடி பட்டால் வந்த அதிர்ச்சியில் உடனே பகடைகள் பறிபோகும், அதனால் முதலில் காயப்பட்டவன் மீள்வது அபூர்வம். எஸ்.சி.ஏ.க்காரர்கள் காயத்தைக் கொண்டுவந்தார்கள், நார்வுட் அந்த முடிவெடுக்கும் கணத்தைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய கொடை. கையில் எத்தனை பாயின்ட் என்பதை எலும்பு ஆராய்ச்சியாளரும் சொல்லிவிடுவார், இந்தக் கணத்தைச் சொல்ல வாள் பிடித்தவர்தான் வேண்டும்.

ஆனால் விலை இங்கும் உண்டு. ஒட்டும் மந்திரத்தை நம்பாத ஒரு கேமில் ஆட்டக்காரரை எது காப்பாற்றும்? நார்வுட்டின் பதில் மனம். பாசம், பக்தி, விதி, மனசாட்சி மாதிரியான குணங்களுக்கு எண்கள் உண்டு. அந்தக் குணத்துக்காகச் சண்டை போடும்போது அந்த எண்ணளவு பகடைகள் கூடுதலாகக் கிடைக்கும். தங்கையைக் காப்பாற்றப் போனால் மலைபோல் குவியல், சாராயக் கடைத் தகராறில் வெறுங்கை. பாசம் இருந்தால் வாள் வேகமாகச் சுழலும் என்று எந்த வாள்நூலிலும் இல்லை. மிக நிஜமான வாள்விதியைத் தாங்கி நிற்பது முழுக்க முழுக்கக் கதை விதி.

குறை ஒன்று சொல்ல வேண்டும். இந்த கேமில் ஜெயிப்பவர் விதியின் உத்திகளை மனப்பாடம் செய்தவர். தன் பாத்திரம் நாட்டின் சிறந்த வாள்வீரன் என்று எழுதி வைத்த புது ஆட்டக்காரர், பாவலா உத்தி தெரிந்த பழைய கையிடம் இரண்டாவது மோதலில் செத்துப்போவார். பாத்திரத்தின் திறமை தாளில் இருக்கிறது, தேவைப்படுவதோ ஆட்டக்காரரின் திறமை.

மேசையில் வழக்கமாக வரும் சண்டையும் இதேதான். பயிற்சிக்குப் போகிற ஒருவர் எழுந்து நின்று காட்டுவார்: "இந்தக் கோணத்தில் வந்தால் கேடயத்தைத் தாண்டி மணிக்கட்டை வெட்டலாம் அண்ணா, நானே செய்திருக்கிறேன்." செய்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் மந்திரவாதியாக விளையாடும் பெண்ணிடம் யாரும் நெருப்பை வரவழைத்துக் காட்டச் சொல்வதில்லை. திருடனாக விளையாடுபவரிடம் பூட்டும் கம்பியும் நீட்டுவதில்லை. அவர்களுக்குத் தாளில் இருக்கும் எண் போதும், வாள்காரருக்கு மட்டும் சொந்தக் கையும் கணக்கில் வரும் என்றால் அது மற்றவர்களுக்கு அநியாயம். நான் நடத்தும் மேசையில் இப்படி யாராவது எழுந்தால், அடி விழுந்ததா என்பதைப் பகடையிடம் விட்டுவிட்டு, விழுந்த அடி எப்படி இருந்தது என்று அவரையே சொல்லச் சொல்வேன். அவர் சொல்லும் மணிக்கட்டு வெட்டு நான் சொல்வதைவிட எப்போதும் நன்றாக இருக்கும்.

பெரின் 2021ல் காலமானார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2018ல், கேயாசியம் ரூன்குவெஸ்டின் புதிய பதிப்பைக் கொண்டுவந்திருந்தது. நிறைய மாற்றியிருக்கிறார்கள். 12 விநாடியும் 12 படியும் மாறவில்லை. 20 பக்கப் பகடையில் 1 முதல் 4 இன்னும் வலது கால், 19ம் 20ம் தலை. மார்புக்கு இப்போதும் அதே ஒற்றை 12.